பச்சிளங்குழந்தை வார்டிலிருந்து நர்ஸ்களை எடுக்காதீர்கள்: சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மாவட்ட மருத்துவமனைகளில் யாரை எந்த வார்டில் போடுவது என்று முடிவு செய்யும் அதிகாரிகளுக்கும்,

எங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில் பயிற்சி பெற்று வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ்களை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மற்ற வார்டுகளுக்குச் சுழற்சியில் மாற்ற வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்திருக்கிறது. அந்த உத்தரவு வந்த அதே வாரத்தில்தான் அந்தப் பிரிவுக்குப் புது வெண்டிலேட்டர்களும் வந்து இறங்கின. ரிப்பன் கட்டி, போட்டோ எடுத்து, பேப்பரிலும் வந்தது. மெஷின் உள்ளே வருகிறது, அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் வெளியே போகிறார்கள். உத்தரவில் யார் கையெழுத்து இருக்கிறது என்பது எனக்கு முக்கியமில்லை. அதை ரத்து செய்யும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற அரசு செவிலியர். வேலை பார்த்த காலத்தின் பெரும்பகுதியைக் குறைமாதக் குழந்தைகளோடு கழித்தவள். இப்போது டியூட்டியில் இருக்கும் பிள்ளைகளால் இதை எழுத முடியாது. எழுதினால் மெமோ வரும். தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கு மெமோகூட வராது, வேலையே போய்விடும். என் பென்ஷனை நிறுத்த மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் நான் எழுதுகிறேன்.

உத்தரவுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் எனக்குத் தெரியும். எல்லோருக்கும் எல்லா வார்டு வேலையும் தெரிய வேண்டும், ஒரே ஆட்கள் ஒரே இடத்தில் வேரூன்றக் கூடாது, பிரசவ வார்டிலும் ஆள் பற்றாக்குறை இருக்கிறது. கடைசிக் காரணம் உண்மை. பிரசவ வார்டில் ஒரு நர்ஸ் படும் பாட்டை நானும் பட்டிருக்கிறேன். அதற்கு வழி அங்கே ஆள் போடுவதுதான். இங்கிருந்து பிடுங்கி அங்கே நட்டால் இரண்டு இடத்திலும் பட்டுப்போகும்.

அந்தப் பிரிவில் என்ன வேலை நடக்கிறது என்று தெரிந்திருந்தால் இப்படி ஒரு உத்தரவு வந்திருக்காது என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நுரையீரலின் கடைசியில் இருக்கும் சின்னச் சின்னக் காற்றுப் பைகளின் உட்புறம் ஈரமானது. ஈரமான பாலித்தீன் பையின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்கிற மாதிரி, மூச்சை விட்டதும் அவை ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் பொருள். வயிற்றில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் 24 வாரம் வாக்கில் இதைச் சுரக்கத் தொடங்கும். போதுமான அளவு சேர 34, 35 வாரம் ஆகிவிடும். 28 வாரத்திலோ 30 வாரத்திலோ பிறந்துவிட்ட குழந்தைக்கு இது பற்றாது. ஒவ்வொரு முறை மூச்சு இழுக்கும்போதும் ஒட்டிப்போன பைகளை அது திரும்பத் திறக்க வேண்டியிருக்கிறது. விலா உள்வாங்கும், மூக்கு விடைக்கும், மூச்சை விடும்போது முனகும்.

அந்த முனகலை வலியென்று உறவுக்காரர்கள் நினைப்பார்கள். காற்று முழுவதும் வெளியே போய்விடாமல் இருக்க, குழந்தை தன் தொண்டையைப் பாதி அடைத்துக்கொண்டு செய்யும் போராட்டம் அது. சில மணி நேரத்தில் களைத்துவிடும். களைத்ததும் முனகலும் நிற்கும். சாச்சுரேஷன், அதாவது இரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் அளவு, இறங்குவதற்கு முன்னால் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கண்தான். போன வாரம்வரை எலும்பு முறிவு வார்டில் இருந்துவிட்டு இன்று இங்கே வந்த ஒரு நர்ஸ், கேஸ் ஷீட்டில் ‘குழந்தை அமைதியாக உள்ளது’ என்று எழுதுவார். அவர் மேல் குற்றமில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இந்த நோய்க்கு மருந்தில்லாத காலமும் இருந்தது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை ஏறக்குறைய 2.1 கிலோ. உலகத்திலேயே பெரிய பதவியில் இருந்த அப்பாவால் 39 மணி நேரத்துக்கு மேல் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் இல்லாததுதான் காரணம் என்று மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் 1959லேயே காட்டியிருந்தார்கள், ஆனால் கொடுக்க எதுவும் கையில் இல்லை. 1971இல் ஜார்ஜ் கிரெகரி, விடாமல் சிறு அழுத்தத்தில் காற்றைக் கொடுத்தால் பைகள் ஒட்டாமல் இருக்கும் என்று காட்டினார். அதுதான் இன்றைய சீபேப். 1980இல் ஜப்பானில் தெத்சுரோ ஃபுஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளுக்குக் குழாய் வழியாகக் கொடுத்து, மூச்சு சீராவதை உலகத்துக்குச் சொன்னார். 1990களின் தொடக்கத்தில் மருந்து கடைக்கு வந்துவிட்டது. இன்று அந்தக் கென்னடி குழந்தை மாதிரி எடையும் மாதமும் உள்ள குழந்தை நம் மாவட்ட மருத்துவமனையில் பிறந்தால், வீட்டுக்குப் போகும் என்றுதான் எதிர்பார்ப்போம். போகவும் செய்கிறது, ஆள் இருந்தால்.

ஆள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சீபேப் மெஷினைப் பார்த்தால் ரொம்ப எளிதாகத் தெரியும். மூக்கில் இரண்டு சின்னக் குழாய், ஒரு ஈரப்பதமூட்டி, கடைசியில் ஒரு தண்ணீர் பாட்டில். குழாய் தண்ணீருக்குள் 5 செ.மீ. மூழ்கியிருந்தால் அழுத்தம் 5. பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருந்தால் குழந்தைக்கு அழுத்தம் போகிறது என்று அர்த்தம். குமிழி நின்றால் எங்கோ காற்று கசிகிறது. குழந்தை வாயைத் திறந்திருக்கலாம், மூக்குக் குழாய் நழுவியிருக்கலாம், சைஸ் சரியில்லாமல் இருக்கலாம். குழாயில் தண்ணீர் கோத்துக்கொண்டால் அழுத்தம் தாறுமாறாகும். மூக்கின் நடுத்தண்டில் குழாய் அழுத்திக்கொண்டே இருந்தால் தோல் கறுத்து, அப்புறம் சதையே போய்விடும். நான் பார்த்திருக்கிறேன், ஆயுசுக்கும் முகத்தில் இருக்கும் தழும்பு அது. வயிற்றில் காற்று ஏறினால் வாய் வழியே போட்ட டியூபைத் திறந்து வெளியேற்ற வேண்டும். இத்தனையையும் ராத்திரி முழுக்க மணிக்கொரு முறையாவது பார்க்க வேண்டும். எந்த அலாரமும் இதில் பாதியைச் சொல்லாது.

சர்ஃபாக்டன்ட் கொடுப்பது இதைவிட நுணுக்கமானது. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்த குப்பியை எடுத்து, கையில் வைத்துச் சூடேற்றி, குலுக்காமல் மெதுவாகத் திருப்பி, எடைக்குத் தக்க அளவு எடுக்க வேண்டும். பன்றி நுரையீரலிலிருந்து எடுத்ததென்றால் முதல் டோஸ் கிலோவுக்கு 200 மி.கி., மாட்டிலிருந்து எடுத்ததென்றால் 100. குப்பி எது என்று பார்க்காமல் அளவு எடுக்கக் கூடாது. முன்பெல்லாம் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, மருந்து கொடுத்து, வெண்டிலேட்டரில் வைப்பார்கள். இப்போது குழந்தை சீபேப்பில் தானே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே மெல்லிய குழாயால் கொடுக்கும் முறை வந்துவிட்டது. டாக்டர் செய்வது சில நிமிட வேலை. அதற்குப் பிறகுதான் நர்ஸின் வேலை தொடங்குகிறது.

மருந்து உள்ளே போனதும் இறுகிக் கிடந்த நுரையீரல் சட்டென்று இளகும். கொஞ்ச நேரம் முன்வரை தேவைப்பட்ட அழுத்தமும் ஆக்சிஜனும் இப்போது அளவுக்கு மீறியவை. வெண்டிலேட்டர் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் நுரையீரல் கிழிந்து காற்று வெளியே கசியும். ஆக்சிஜனைக் குறைக்காவிட்டால் விழித்திரை கெட்டுக் கண் போகும். பக்கத்தில் நின்று சாச்சுரேஷனை 90க்கும் 95க்கும் நடுவில் பிடித்து வைத்திருக்க ஒருவர் வேண்டும். உயிர் காக்க வந்த மருந்து, பார்க்க ஆளில்லாவிட்டால் அதே மணி நேரத்தில் கெடுதல் செய்யும்.

கண் போகும் என்று பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை ஒன்றில் 1996இல் 29 வாரத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு, விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பார்வை முழுவதும் போனது. 2015இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு உங்கள் துறையின் கோப்புகளில் இருக்கும். எங்கள் பிரிவில் சீபேப் இருக்கிறது. ஆனால் ஆக்சிஜனோடு சாதாரணக் காற்றைக் கலந்து அளவாகக் கொடுக்கும் பிளெண்டர் எல்லா மெஷினுக்கும் இல்லை. பிளெண்டர் இல்லாத மெஷினில் குழந்தைக்குப் போவது கிட்டத்தட்ட முழு ஆக்சிஜன்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். சர்ஃபாக்டன்ட் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் வண்டி எல்லாமே இலவசம். காகிதத்தில் எந்தக் குறையும் இல்லை. நடப்பில், ஒரு குப்பி பல ஆயிரம் ரூபாய், காலாவதியானால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் இருப்பே வைப்பதில்லை. தேவைப்படும்போது உள்ளூரில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் ஊரில் எந்த மெடிக்கல் ஷாப்பில் வாங்குவது?

ஒரு குழந்தையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 30 வாரம், 1,200 கிராம். அம்மா மலைக்கிராமத்துப் பெண். வலி வந்து, ஆரம்ப சுகாதார நிலையம் போய், அங்கிருந்து எங்களிடம் வந்து சேர்ந்த அரைமணியில் பிரசவம். பிறந்த உடனே சீபேப் போட்டோம். ஆக்சிஜன் தேவை 30 சதவீதம், 40, 50 என்று ஏறிக்கொண்டே போனது. டாக்டருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், குழாய் போடத் தெரியும். குப்பி இல்லை. அந்த அப்பா, பஸ்ஸுக்கு வைத்திருந்த காசைக் கையில் பிடித்துக்கொண்டு, “நான் போயி எங்கயாச்சும் வாங்கிட்டு வரட்டுமாம்மா?” என்று கேட்டார். மருத்துவக் கல்லூரிக்கு ரெஃபர் செய்தோம். வந்த வண்டியில் ஆக்சிஜன் இருந்தது, சீபேப் இல்லை. கூட அனுப்ப நர்ஸ் இல்லை, ஏனென்றால் அனுப்பினால் வார்டில் இருந்த மற்றக் குழந்தைகளுக்கு ஒருவர்கூட இருக்க மாட்டார். போய்ச் சேர்ந்தபோது உடம்பு சில்லிட்டிருந்ததாக அங்கிருந்த சிஸ்டர் போனில் சொன்னார். மூன்றாம் நாள் இறந்துபோனது.

எங்கள் பதிவேட்டில் அந்தக் குழந்தை ‘ரெஃபர்’ என்ற கட்டத்தோடு முடிந்தது. மரணம் அங்கே கணக்கானது. எங்கள் புள்ளிவிவரம் அந்த மாதம் அழகாகவே இருந்தது. உங்கள் மேசைக்கு வரும் அட்டவணையில் எங்கள் மாவட்டத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்திருப்பீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை, அட்டவணை அப்படி. ஆனால் அதே அட்டவணையை வைத்து, ‘இங்கே இத்தனை நர்ஸ் தேவையில்லை’ என்று முடிவெடுக்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பெருமைப்பட வேண்டிய மாநிலம் என்பதை மறுக்கவில்லை. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பது இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. அந்த 13இல் 9 மரணங்கள் முதல் 28 நாட்களுக்குள் நடப்பவை. தடுப்பூசியாலும் சத்துணவாலும் குறைத்ததெல்லாம் குறைத்தாயிற்று. இனிக் குறைய வேண்டுமென்றால் பச்சிளங்குழந்தை வார்டில்தான் குறைய வேண்டும். அங்கேயா ஆளைக் குறைப்பது?

‘எல்லா மாவட்ட மருத்துவமனையிலும் சர்ஃபாக்டன்டும் வெண்டிலேட்டரும் கொடு’ என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். 2015இல் உலக சுகாதார நிறுவனம் சர்ஃபாக்டன்டைப் பரிந்துரைத்தபோதே, டியூப் போடத் தெரிந்தவர்கள், வெண்டிலேட்டர், இரத்த வாயுப் பரிசோதனை, பச்சிளங்குழந்தை நர்சிங், மானிட்டர் இவை இருக்கும் இடங்களுக்கு என்றுதான் சொன்னது. ஆகவே எந்த மருத்துவமனையில் இவை உண்டு, எதில் இல்லை என்று முதலில் உண்மையாகப் பாருங்கள். இல்லாத இடத்தில் நல்ல சீபேப்பும், குளிராமல் காக்கும் வசதியும், நேரத்தோடு அனுப்பும் ஏற்பாடும் போதும், நிறையக் குழந்தைகள் பிழைக்கும். இருக்கும் இடத்தை உடைக்காதீர்கள். எங்களுடையது இருக்கும் இடம். இவை எல்லாவற்றையும் பல வருஷம் கஷ்டப்பட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தோம், ஆள் உட்பட.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது செலவே இல்லாதது. 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் என்று தெரிந்தால் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, 6 மி.கி., 12 மணிக்கொரு முறை நான்கு தடவை. குழந்தையின் நுரையீரல் முதிர இது உதவும் என்று நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹௌவியும் 1972இல் காட்டினார்கள். ஊசி மருந்தின் விலை ஒரு டீ, வடைக்குள் அடங்கிவிடும். மலையிலிருந்து வந்த அந்தப் பெண்ணின் சீட்டில் முதல் டோஸ் போட்டதாகக் குறிப்பே இல்லை. வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தாயைவிடச் சிறந்த ஆம்புலன்ஸ் கிடையாது என்பதால், முடிந்தவரை பிரசவத்துக்கு முன்பே அனுப்புவதுதான் நல்லது. அனுப்புவதற்கு முன் அந்த ஊசி.

நான் கேட்பவை இவை.

சுழற்சி உத்தரவைப் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்கு மட்டுமாவது உடனே ரத்து செய்யுங்கள். பயிற்சி முடித்த நர்ஸ் குறைந்தது மூன்று வருஷம் அங்கேயே இருக்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். பதவி உயர்வாலோ கலந்தாய்வாலோ ஒருவர் போவதாக இருந்தால், பதிலுக்கு வருபவர் அவரோடு சேர்ந்து டியூட்டி பார்த்துப் பழகிய பிறகே விடுவியுங்கள். வெண்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு ஒரு நர்ஸ், மிஞ்சிப்போனால் இரண்டு குழந்தைக்கு ஒருவர் என்ற கணக்கை ராத்திரி ஷிஃப்டிலும் காப்பாற்றுங்கள். பகல் ரவுண்ட்ஸில் இருக்கும் தலைகளை எண்ணி ராத்திரிக்குக் கணக்குக் காட்டுகிறார்கள். இந்தப் பிரிவில் தொகுப்பூதியத்தில் இருப்பவர்களை முன்னுரிமை கொடுத்து நிரந்தரமாக்குங்கள். பாதிச் சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்யச் சொல்வது நியாயமில்லை.

தகுதியுள்ள ஒவ்வொரு பிரிவிலும் எந்த நேரமும் குறைந்தபட்சம் இரண்டு குப்பி சர்ஃபாக்டன்ட் ஃபிரிட்ஜில் இருக்கும்படி அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாகவே வழங்குங்கள். காலாவதி நெருங்கும் குப்பியை அதிகம் பயன்படும் மருத்துவக் கல்லூரிக்கு மாற்றிக்கொள்ள வழி செய்யுங்கள். மீறிக் காலாவதியானால் அதற்காக யாரையும் தணிக்கையில் நிறுத்த மாட்டோம் என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். பயந்துபோன ஸ்டோர் கீப்பரால் ஒரு குழந்தை சாகக் கூடாது.

பிளெண்டர் இல்லாத சீபேப் ஒன்றுகூட இருக்கக் கூடாது. புது வெண்டிலேட்டர் வாங்கும் காசில் முதலில் இதை முடியுங்கள். இரத்த வாயு மெஷின் இருந்தும் கார்ட்ரிட்ஜ் இல்லாமல் மூடி வைத்திருக்கும் இடங்களைக் கணக்கெடுங்கள். குறைமாதக் குழந்தை எதுவும் கண் பரிசோதனைத் தேதி எழுதப்படாமல் டிஸ்சார்ஜ் ஆகக் கூடாது.

மூச்சுத் திணறும் குழந்தையை அனுப்பும் வண்டியில் சீபேப், சூடு, பயிற்சி பெற்ற ஒருவர் மூன்றும் இருக்க வேண்டும். போய்ச் சேருமிடத்தில் இடம் இருக்கிறதா என்று போனில் உறுதி செய்த பிறகே வண்டி கிளம்ப வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வரும் ஒவ்வொரு குறைமாதத் தாயின் சீட்டிலும் ஸ்டீராய்டு ஊசி போட்ட நேரம் இருக்க வேண்டும். போடவில்லையென்றால் காரணம் எழுதியிருக்க வேண்டும்.

ரெஃபர் செய்த குழந்தைக்குக் கடைசியில் என்ன ஆனது என்பதை அனுப்பிய மருத்துவமனையின் கணக்கிலும் சேருங்கள். எத்தனை குழந்தைக்கு மூச்சுத் திணறல் வந்தது, எத்தனை பேருக்கு சர்ஃபாக்டன்ட் தேவைப்பட்டது, எத்தனை பேருக்கு அதைப் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்தார்கள், எத்தனை பேர் மருந்தில்லாமல் வெளியே அனுப்பப்பட்டார்கள் என்று மாவட்டவாரியாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

எங்கள் மருத்துவமனையில் முதல் சுற்று மாற்றம் அடுத்த மாதம் முதல் தேதி நடைமுறைக்கு வருகிறது. பதில் அதற்கு முன்னால் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்